பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிப் போகாதீர்கள்

(தேசிய கணித நாளையொட்டிக் கும்பகோணத்தில் மேனிலைப் பள்ளி மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று டிசம்பர் 22. ராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் இந்த நாளை நாடு முழுவதும் தேசிய கணித நாளாகக் கொண்டாடுகிறோம். அவர் ஈரோட்டில் பிறந்தாலும் வளர்ந்தது உங்கள் ஊரில். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது. அவர் படித்த டவுன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆகவே ராமானுஜன் பெருமையைக் கும்பகோணத்துக்கு வந்து நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று நான் பேச வந்தது உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி. பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்து, இரண்டு ஆண்டு கணிதத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகளைப் பற்றி.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தைத் தாண்டிப் போகாதீர்கள். மாணவர்களே, தாண்டாதீர்கள். ஆசிரியர்களே, தாண்டவிடாதீர்கள். பெற்றோர்களே, தாண்டச் சொல்லிப் பள்ளியை நெருக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் பொருளடக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதல் அத்தியாயம், அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள். பிறகு வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள். இரண்டாம் தொகுதியைத் திறந்தால் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். அதற்குப் பின் தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். எல்லாம் பயன்பாடுகள்! அப்படியானால் பயன்படுத்த வேண்டிய அந்தப் பொருள் எங்கே இருக்கிறது? அணி என்றால் என்ன, வெக்டர் என்றால் என்ன, வகைக்கெழு என்றால் என்ன என்பதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. சார்பு அங்கே இருக்கிறது. எல்லை அங்கே இருக்கிறது. கணிதத் தொகுத்தறிதல் அங்கே இருக்கிறது. தொகையீடு முதன்முதலாகப் பிள்ளையின் கண்ணில் படுவது அங்கேதான். அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்குக் கையில் கிடைப்பது, எதைப் பயன்படுத்துகிறோம் என்று தெரியாத பயன்பாடு.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாணவர்கள் என்னோடு சேர்ந்து மனத்துக்குள் கணக்குப் போடுங்கள். பெற்றோர்களும் போடலாம், கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும்தான் வேண்டும்.

இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லை விடுகிறோம். அது விழுந்த தூரம், மீட்டரில், காலத்தின் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கினால் வரும். துல்லியமாகச் சொன்னால் 4.9; கணக்கு எளிதாக இருக்க 5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விநாடியில் எவ்வளவு விழுந்திருக்கும்? 20 மீட்டர். மூன்று விநாடியில்? 45 மீட்டர். இப்போது என் கேள்வி: சரியாக இரண்டாவது விநாடி முடியும் அந்தக் கணத்தில் கல்லின் வேகம் என்ன?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைக் கேட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் விடை வந்துவிடும். 5t²-இன் வகைக்கெழு 10t. t-க்கு 2 போட்டால் 20. விநாடிக்கு 20 மீட்டர். சரியான விடை. முழு மதிப்பெண். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கணத்தில் காலம் நகரவில்லை, கல்லும் நகரவில்லை. நகராத பொருளுக்கு எங்கிருந்து வந்தது இந்த வேகம்? வேகம் என்றால் தூரத்தைக் காலத்தால் வகுப்பது அல்லவா? இங்கே தூரமும் பூஜ்யம், காலமும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று சின்ன வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறோமே, 20 எப்படி வந்தது?

பாருங்கள். இரண்டாவது விநாடியிலிருந்து மூன்றாவது விநாடி வரை கல் விழுந்தது 25 மீட்டர். சராசரி வேகம் 25. இடைவெளியைக் குறைப்போம். 2-லிருந்து 2.1 விநாடி வரை 2.05 மீட்டர், சராசரி 20.5. இன்னும் குறைப்போம். 2-லிருந்து 2.01 வரை எடுத்தால் சராசரி 20.05. 2.001 வரை எடுத்தால் 20.005. இடைவெளி சுருங்கச் சுருங்க இந்த எண்கள் எங்கே போகின்றன? 20-ஐ நோக்கிப் போகின்றன. 20-க்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டும் என்று நீங்கள் கேட்டாலும், அவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த முடியும். இடைவெளி பூஜ்யம் ஆகவே இல்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் நாம் வகுக்கவே இல்லை. ஆனாலும் 20 என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தாது. அதுதான் எல்லை. நுண்கணிதம் முழுவதும் இந்த ஒரு யோசனையின் மேல் நிற்கிறது.

இந்த யோசனை மனித குலத்துக்கு எளிதாகக் கிடைத்ததா? லைப்னிட்ஸ் வகை நுண்கணிதத்தைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டது 1684-இல். நியூட்டன் அதற்கு முன்பே தம் வழியில் கண்டுபிடித்திருந்தார். இருவர் கையிலும் விடைகள் சரியாக வந்தன. ஆனால் அந்த இல்லாததைப் போன்ற சிறு இடைவெளி, இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஏன் கடைசியில் தூக்கி எறிகிறீர்கள்? இல்லையென்றால் எப்படி அதனால் வகுத்தீர்கள்? 1734-இல் பார்க்லி என்ற பாதிரியார் இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டார். கணித மேதைகளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எல்லை என்ற கருத்தை அடித்தளமாக வைத்து கோஷி பாடநூல் எழுதியது 1821-இல். லைப்னிட்ஸிலிருந்து கணக்கிட்டால் 137 ஆண்டுகள்! உலகத்தின் மிகச் சிறந்த மூளைகள் 137 ஆண்டு தடுமாறிய இடத்தில், நம் பதினாறு வயதுப் பிள்ளை ஒரு மாதம் தடுமாறக் கூடாதா? தடுமாறினால் அவனுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடலாமா?

ஆனால் நம் பள்ளிகளில் என்ன நடந்தது? இதை யார் மேலும் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே கட்-ஆஃப் ஆனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கும் அது கதவைத் திறந்துவிட்டது. அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. பாதி! அந்தப் பாதியைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் பல தனியார் பள்ளிகள் ஒரு குறுக்கு வழியைக் கண்டன. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டன. ஒரே புத்தகம், இரண்டு ஆண்டு. காலையில் தேர்வு, மாலையில் தேர்வு. புத்தகத்தின் பின்பக்க வினாக்கள், கைடில் உள்ள விடைகள், மறுபடியும் அதே வினாக்கள். பிள்ளைகள் சென்டம் எடுத்தார்கள். பொறியியல் கல்லூரியில் சேர்ந்து முதல் செமஸ்டர் கணிதத் தாளில் தோற்றார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிறகு பிள்ளைகள் மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பெரிய சுமை என்ற குரல் எழுந்தது. அதிலும் நியாயம் இருந்தது. 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. நீக்கியது சரிதான் என்பது என் கருத்து. பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்கு மூச்சுவிட ஓராண்டு வேண்டும். ஆனால் எதற்காக அந்த ஓராண்டு? நின்று படிப்பதற்காக. புரியாததைப் புரியவில்லை என்று சொல்வதற்காக. கேள்வி கேட்பதற்காக. அந்த ஓராண்டை எடுத்து மறுபடியும் பன்னிரண்டாம் வகுப்பு மனப்பாடத்துக்குத் தாரை வார்த்தால், தேர்வை நீக்கியதன் பயன் பிள்ளைக்குப் போய்ச் சேராது. காவிரிப் பாசனத்துக்காரர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியும். வேர் பிடிக்காத நாற்றாக இருந்தாலும் நட்ட அன்று வயல் பச்சையாகத் தெரியும். தூர் கட்டாது.

இந்த இடத்தில் ராமானுஜனிடம் வருகிறேன். அவர் பெயரைச் சொல்லி மலைக்க வைப்பதற்காக அழைக்கவில்லை. அவரும் ஒருகாலத்தில் உங்கள் வயதில் இருந்தார், உங்கள் ஊரில் இருந்தார், அவர் கையிலும் ஒரு கைடு இருந்தது என்பதற்காக அழைக்கிறேன்.

ஆம், கைடுதான்! 1903 வாக்கில், பதினைந்து பதினாறு வயதில் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர்கள் மூலமாகக் கிடைத்த இரவல் புத்தகம். கார் என்பவர் எழுதிய கணிதச் சுருக்க நூல். இந்தப் புத்தகம் ராமானுஜனின் வாழ்க்கையை மாற்றியது என்று நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால் அது என்ன புத்தகம் என்று கேட்டிருக்கிறீர்களா? கார் பெரிய ஆராய்ச்சியாளர் அல்லர். மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். டியூஷன் மாஸ்டர் என்றே சொல்லலாம். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குப் படிப்பவர்கள் கடைசி நேரத்தில் திருப்பிப் பார்க்க உதவும்படி ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளை வரிசையாக எண் போட்டு எழுதிவைத்தார். நிரூபணம் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் ஓரிரு வரிக் குறிப்பு. சூத்திரம், அடுத்த சூத்திரம், அதற்கடுத்த சூத்திரம். இன்று நம் கடைகளில் கிடைக்கும் கைடுகளுக்கு அந்தப் புத்தகம் தூரத்து உறவு அல்ல, நெருங்கிய உறவு.

அப்படியானால் எது வேறு? புத்தகம் வேறல்ல, படித்த விதம் வேறு. இங்கிலாந்தில் எத்தனையோ மாணவர்கள் அந்தப் புத்தகத்தில் ஒரு சூத்திரத்தைப் பார்த்ததும் மனப்பாடம் செய்தார்கள். ராமானுஜன் அந்தச் சூத்திரத்தைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். இது ஏன் உண்மை? இதை நானே எப்படிக் கொண்டுவருவது? இதில் ஓர் எண்ணை மாற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு வரியும் அவருக்கு ஒரு கணக்கு. கார் நிரூபணம் கொடுக்காமல் விட்டது, அவர் தாமே தேட வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது. அதே ஐயாயிரம் வரிகள். ஒருவருக்கு அவை விடைகள். இன்னொருவருக்கு ஐயாயிரம் கேள்விகள்.

மாணவர்களே, உங்கள் கையில் இருக்கும் கைடைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கே அதை வேறு விதமாகத் திறந்து பாருங்கள். ஒரு மதிப்பெண் வினா ஒன்றுக்கு விடை 3 என்று போட்டிருக்கிறது. சரி. மற்ற மூன்றும் ஏன் தவறு? 2-ஐ விடை என்று நினைக்கும் பிள்ளை எந்த இடத்தில் வழுக்கியிருப்பாள்? வினாவில் எதை மாற்றினால் 4 சரியான விடை ஆகும்? ஒரே வினாவில் அரை மணி நேரம் போகட்டும். இருபது வினாவின் விடை எண்களை மனப்பாடம் செய்வதைவிட அந்த அரை மணி நேரம் உங்களைப் பலப்படுத்தும்.

இப்போது நிரூபணம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் என்று ஒரு பகுதி வருகிறதல்லவா? பல பிள்ளைகள் அதை ஒரு சடங்காகச் செய்கிறார்கள். n = 1-க்கு உண்மை; n = k-க்கு உண்மை என்க; n = k + 1-க்கு உண்மை; ஆகவே எல்லாவற்றுக்கும் உண்மை. ஐந்து மதிப்பெண். இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு? பத்து எண்ணைப் போட்டுப் பார்த்துச் சரியாக வந்தால் போதாதா?

போதாது. ஏன் போதாது என்று ஆய்லர் காட்டிய ஒரு கோவையைக் கொண்டு சொல்கிறேன். ஓர் எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் கூட்டி, 41-ஐயும் கூட்டுங்கள். 1 எடுத்தால் 43, பகா எண். 2 எடுத்தால் 47, பகா எண். 3 எடுத்தால் 53. 4 எடுத்தால் 61. 5 எடுத்தால் 71. எல்லாம் பகா எண். பத்து வரை போங்கள், பகா எண். இருபது வரை போங்கள், பகா எண். முப்பது, முப்பத்தைந்து, முப்பத்தொன்பது வரை போங்கள். ஒன்று விடாமல் பகா எண்! முப்பத்தொன்பது சாட்சிகள் ஒரே குரலில் ஆம் என்கின்றன. எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் 40-ஐ எடுங்கள். 1600, அதோடு 40, அதோடு 41. மொத்தம் 1681. அது 41 பெருக்கல் 41. உடைந்துவிட்டது! முப்பத்தொன்பது முறை உண்மையாக இருந்தது நாற்பதாவது முறை பொய்யாகிவிட்டது. இதை ஒரு பிள்ளை தன் கையால் போட்டுப் பார்த்துவிட்டால், நிரூபணம் எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

இங்கே உங்கள் ஊர்க்காரரையே சாட்சிக்கு அழைக்கலாம். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் இருந்த முடிவுகள் ஹார்டியைத் திகைக்க வைத்தன. ஆனால் அதில் ஒரு பகுதி தவறு. ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று கணிக்கும் சூத்திரம் தம்மிடம் இருப்பதாக ராமானுஜன் நம்பினார். சிறிய எண்களுக்கு அது மிக நன்றாகப் பொருந்தியது. பெரிய எண்களுக்கு அவர் நினைத்த அளவு துல்லியம் அதற்கு இல்லை. காரணத்தை ஹார்டி பின்னாளில் விளக்கியிருக்கிறார்: கலப்பு மாறிச் சார்புகளின் கோட்பாடு ராமானுஜனுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்கு அவர் போனது 1914-இல்; அங்கேதான் முறையான நிரூபணத்தின் பக்கம் அவர் வந்தார். எண்களோடு அவ்வளவு நெருக்கமாகப் பழகிய ராமானுஜனையே எடுத்துக்காட்டுகள் ஏமாற்றின என்றால், நம்மை ஏமாற்றாதா? இதைச் சொல்வதால் அவர் புகழ் குறையாது. அந்த வயதில் அவருக்கு ஒரு நல்ல பாடத்திட்டமும், பொறுமையான ஆசிரியரும், ஏன் என்று விளக்கும் புத்தகமும் கிடைக்கவில்லை. ஆங்கிலப் பாடத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். கல்லூரிப் படிப்பே நின்றது. இன்று உங்களுக்கு அந்தப் பாடத்திட்டம் இருக்கிறது. கலப்பெண்கள் உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டாவது அத்தியாயமாக இருக்கின்றன.

கலப்பெண் என்றதும் நினைவுக்கு வருகிறது. மைனஸ் 1-க்கு வர்க்கமூலம் கிடையாது, இருப்பதாக வைத்துக்கொள்வோம், அதற்கு i என்று பெயர். இப்படித்தான் பல வகுப்பறைகளில் தொடங்குகிறது. சிந்திக்கிற பிள்ளைக்கு உடனே கோபம் வரும். இல்லாததை எதற்கு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும்? அந்தக் கோபம் நியாயமானது. அதே கோபம் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர்களுக்கும் இருந்தது. அவர்கள் i-யைத் தேடிப் போகவில்லை. முப்படிச் சமன்பாடு அவர்களை அங்கே இழுத்துக்கொண்டு போனது. x-இன் முப்படி, 15x-உடன் 4-ஐக் கூட்டியதற்குச் சமம். விடை என்ன? 4. போட்டுப் பாருங்கள்: 64 ஒரு பக்கம், 60-உம் 4-உம் மறு பக்கம். கண்ணுக்கு முன்னால் நிற்கும் சாதாரண விடை. ஆனால் 1545-இல் கார்டானோ வெளியிட்ட சூத்திரத்தில் இந்தச் சமன்பாட்டைப் போட்டால், நடுவில் மைனஸ் 121-இன் வர்க்கமூலம் வந்து நிற்கிறது! இருக்கிற விடைக்குப் போகும் வழியில் இல்லாத எண் ஒன்று குறுக்கே நிற்கிறது. 1572-இல் பொம்பெல்லி துணிந்து அந்த எண்ணோடு கணக்குப் போட்டார். 2 + i-யை முப்படிக்கு உயர்த்தினால் 2 + 11i வருகிறது என்று கண்டார். அதன் இணையெண்ணையும் கூட்டியபோது i அடிபட்டுப் போய் 4 வெளியே வந்தது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அத்தியாயத்தைத் தொடங்கிப் பாருங்கள், ஆசிரியர்களே. பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் i ஒரு கட்டளையாக இருக்காது.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இங்கே பலர் இருப்பீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாய்மொழியில் உயர் கணிதம் படித்தால் பின்தங்கிவிடுவோம் என்ற அச்சத்தை உங்கள் மனத்தில் யாராவது விதைத்திருந்தால், பக்கத்து மாநிலத்தைக் கொஞ்சம் பாருங்கள். பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த மாதவர், ஒன்று கழித்தல் மூன்றில் ஒன்று, கூட்டல் ஐந்தில் ஒன்று, கழித்தல் ஏழில் ஒன்று என்று முடிவில்லாமல் போகும் தொடர் பை (π) என்ற எண்ணின் நான்கில் ஒரு பங்குக்குப் போய்ச் சேரும் என்று கண்டார். ஐரோப்பாவில் அந்தத் தொடர் பதினேழாம் நூற்றாண்டில்தான் வந்தது. மாதவர் வழிவந்த ஜேஷ்டதேவர் பதினாறாம் நூற்றாண்டில் இதையெல்லாம் யுக்திபாஷா என்ற நூலில் எழுதினார். எந்த மொழியில்? மலையாளத்தில். மக்கள் பேசும் மொழியில், நிரூபணத்தோடு! எல்லை என்ற கருத்தின் வாசல் வரை ஒரு தென்னிந்திய மொழி ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே போய்விட்டது. கல்லூரியில் ஆங்கிலச் சொற்கள் வரும். முதல் செமஸ்டரில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். அதற்கு இப்போதே இரண்டு மொழிப் பாடநூல்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கருத்து பிடிபட்டவருக்குச் சொல் சில மாதத்தில் வந்துவிடும். கருத்தே பிடிபடாதவருக்கு எந்த மொழியும் உதவாது.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீட் வந்த பிறகு, மருத்துவம்தான் இலக்கு என்றால் கணிதத்தை விட்டுவிட்டுப் பியூர் சயின்ஸ் எடுக்கலாம் என்று பல வீடுகளில் முடிவாகிறது. பிள்ளைக்கே அந்த விருப்பம் இருந்தால் சரி. ஆனால் கணிதம் பிடித்த பிள்ளையை, சுமை குறையும் என்பதற்காக மட்டும் அதிலிருந்து பிரிக்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்கு இந்த அறிவுரை கொஞ்சம் சீக்கிரமாகவே கொடுக்கப்படுகிறது; அது எனக்கு வருத்தம் தருகிறது. கணிதம் என்றால் பொறியியல் மட்டும்தான் என்ற எண்ணத்தையும் விடுங்கள். சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்திரி 1989-இல் தொடங்கி வளர்த்த நிறுவனம். பிளஸ் டூ முடித்த மாணவர்கள் நுழைவுத்தேர்வு எழுதி அங்கே கணிதமே முதன்மையாகப் படிக்கலாம். அந்தத் தேர்வில் சூத்திரம் ஒப்பிப்பவர்களுக்கு இடமில்லை. நிரூபித்துக் காட்டச் சொல்வார்கள்.

பத்தாம் வகுப்பில் தொண்ணூற்றைந்து எடுத்த பிள்ளை பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் நாற்பதோடு வீட்டுக்கு வரும். எத்தனையோ வீடுகளில் வரும். அன்று வீட்டில் என்ன நடக்கிறது? டியூஷன் மாற்றுகிறோம். குரூப் மாற்றலாமா என்று பேசுகிறோம். பிள்ளையின் முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பில் கேட்டது, இதைக் கண்டுபிடி என்று. பதினொன்றாம் வகுப்பு கேட்பது, இது ஏன் அப்படி என்று. கேள்வியின் தன்மையே மாறிவிட்டது. அந்த நாற்பது, உங்கள் பிள்ளை புதிய கேள்வியைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அரையாண்டு வரை பொறுங்கள். ஆண்டுத் தேர்வு வரை பொறுங்கள்.

கணித ஆசிரியர்களே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பாடப்பகுதி பெரிது, நாள் குறைவு, தேர்ச்சி விகிதம் கேட்டு மேலிடத்திலிருந்து அழைப்பு வரும். இருந்தாலும் ஒன்றை நினைவூட்டுகிறேன். செங்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் 1901-இல் பிறந்த ஒரு பிள்ளை, பள்ளிப் படிப்பு முடிவதற்குள் பெற்றோரை இழந்து, படிப்பைத் தொடர வழியில்லாமல் நின்றது. பள்ளி ஆசிரியர் ஒருவர் கைகொடுத்தார். அந்தப் பிள்ளைதான் எஸ். எஸ். பிள்ளை. எந்த மிகை முழு எண்ணையும் எண்ணிக்கையில் 73-க்கு மேற்படாத ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940-இல் நிரூபித்தவர். இந்த வகைக் கேள்வியான வேரிங் கணக்கைப் பற்றி எழுதும் எவரும் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் பணியாற்றிய பி. கே. சீனிவாசன், கல்லூரிப் பேராசிரியர் அல்லர். பள்ளிக் கணித ஆசிரியர். எண்களில் உள்ள ஒழுங்கைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே உழைத்தார். ராமானுஜனைப் பற்றிய நினைவுகளையும் கடிதங்களையும் தேடித் தொகுத்து நூலாக்கினார். ஒரு பள்ளி ஆசிரியரால் எவ்வளவு முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தலைமையாசிரியர்களே, பதினொன்றாம் வகுப்பின் கால அட்டவணையில் கணிதம் என்று போட்டிருக்கும் பாடவேளையில் பதினொன்றாம் வகுப்புக் கணிதமே நடக்கட்டும். மார்ச் மாதம் வரை நடக்கட்டும். முதுகலை ஆசிரியர்களே, எல்லை என்ற பாடத்துக்கு முழுதாக ஒரு வாரம் கொடுங்கள். அந்த வாரம் கரும்பலகையில் சூத்திரம் எழுதாமல் எண்களை மட்டும் எழுதுங்கள். பெற்றோர்களே, பள்ளியில் சேர்க்கப் போகும்போது எத்தனை சென்டம் என்று கேட்கிறீர்களே, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுமையாக நடத்துகிறீர்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் பள்ளிகள் மாறும். மாணவர்களே, அரையாண்டு விடுமுறை வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள். எல்லையும் தொடர்ச்சியும் என்ற பாடத்தை முதல் பக்கத்திலிருந்து, விடையைப் பார்க்காமல் படியுங்கள். புரியாத இடங்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு, பள்ளி திறந்த முதல் நாளே உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.